கத்திக்கு முன்னால் சம்மதம்

பள்ளி விடுமுறை வந்தால் அண்டை வீட்டு மலாய்ச் சிறுவர்களுக்குச் சுன்னத்துச் சடங்கு நடப்பது நமக்குப் புதிதல்ல. நம்மைப் பொறுத்தவரை அது சமயம் சார்ந்த விஷயம். ஆனால் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ இன ஆண்களிடம் அதே சுன்னத்து ஒரு நோய்த்தடுப்பு முறையாகப் போய்ச் சேர்ந்தது. அது சுலபமாகப் போய்ச் சேரவில்லை.

லுவோ மக்களிடம் சுன்னத்து வழக்கம் கிடையாது. கீழ்வரிசையில் ஆறு பற்களைப் பிடுங்குவதே அந்தக் காலத்தில் அவர்களின் பருவச் சடங்கு. சுற்றியுள்ள பல இனங்களிலோ சுன்னத்து உண்டு. "சுன்னத்து செய்யாதவன் இன்னும் பையன்தான்" என்ற ஏளனம் அரசியல் மேடை வரை லுவோக்களைத் துரத்தியது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தில் அது ஏளனத்தோடு நிற்கவில்லை. லுவோ ஆண்கள் சிலரைப் பிடித்து வலுக்கட்டாயமாக அறுத்தார்கள்.

அதே காலக்கட்டத்தில்தான் மருத்துவ உலகம் வேறொரு செய்தி சொன்னது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், உகாண்டாவின் ரகாய், லுவோக்களின் நகரமான கிசுமு ஆகிய மூன்று இடங்களில் ஆய்வு நடந்தது. சுன்னத்து செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்தது. கிசுமுவில் மட்டும் 2,784 இளைஞர்கள் பங்கேற்றார்கள். நுனித்தோலின் உட்புறம் மென்மையானது. கிருமி எளிதில் பற்றும் உயிரணுக்கள் அங்கே அதிகம். 2007 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

கென்யா 2008 நவம்பரில் திட்டத்தைத் தொடங்கியது. கலவரக் காயம் ஆறாத ஆண்டு அது! லுவோ மூப்பர்கள், "இது எங்கள் பண்பாடு அல்ல" என்று தயங்கினார்கள். அப்போது பிரதமராக இருந்த ரைலா ஒடிங்காவும் ஒரு லுவோதான். அவர் வெளிப்படையாக ஆதரவு தந்தார். பண்பாட்டை மாற்றச் சொல்லவில்லை, இது மருத்துவம், விரும்பியவர் மட்டும் வரலாம் என்ற விளக்கம்தான் கதவைத் திறந்தது.

அந்தக் கதவு வழியே வீடு வீடாகச் சென்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். சந்தையிலும் மீன் இறங்கும் கரையிலும் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். தாங்களே செய்துகொண்ட இளைஞர்கள் நண்பர்களிடம் அனுபவத்தைச் சொன்னார்கள். பகல் கூலியை இழக்க முடியாதவர்களுக்கு இரவு முகாம்கள் நடந்தன. காயம் ஆற ஆறு வாரம் உடலுறவு கூடாது என்பதால் மனைவியரிடமும் பேச வேண்டியிருந்தது.

அவர்கள் மறைக்கக் கூடாத உண்மைகளும் இருந்தன. இது முழுப் பாதுகாப்பு அல்ல. ஆணுறை தொடர்ந்து தேவை. கணவருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால், சுன்னத்து மனைவியைக் காப்பாற்றாது.

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் 15 நாடுகளில் 2019க்குள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் இதைச் செய்துகொண்டார்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பல நாடுகளில் வந்தவர்களில் பெரும்பங்கு 10 முதல் 14 வயதுச் சிறுவர்கள். அந்த வயதில் 'சரி' என்பது உண்மையான சம்மதமா? 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை 15 வயதுக்கு மேற்பட்டோரை நோக்கித் திருப்பியது.

ஒரே அறுவைதான். கலவரத்தில் அது வன்முறை. முகாமில் அது மருத்துவம். இரண்டையும் பிரிப்பது, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் உரிமை.