பழைய கம்ப்யூட்டர், புது வாழ்வு – 7: எஃப்11 தட்டுவதற்கு முன்

போன வாரம் மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியை, சிஆர்2032-ஐ, மாற்றித் தேதியைச் சரிசெய்தோம். இந்த வாரம் ஃபேக்டரி ரீசெட். கடையிலிருந்து வந்த அன்று கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குத் திருப்புவது.

விண்டோஸ் 7 போட்டு வந்த டெஸ்க்டாப்கள் பலவற்றில் தனியாக டிவிடி வராது. ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, விண்டோஸின் முழுப் பிரதியையும் கம்பெனியே அதில் வைத்துவிடும். எச்பியில் அது பெரும்பாலும் 'ரெகவரி' என்ற பெயரில் டி டிரைவாகத் தெரியும். கிட்டத்தட்ட நிரம்பியே இருப்பதால் அதன் பட்டை சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பைக் கண்டு பயந்து, இடம் வேண்டும் என்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழித்திருந்தாலோ, ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தாலோ இந்த வழி அடைபட்டது. கேபினெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் 25 எழுத்துச் சாவியைக் குறித்துக்கொண்டு, டிவிடியில் புதிதாக விண்டோஸ் போட வேண்டியதுதான்.

டிரைவ் இருந்தால் வேலை சுலபம். பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆன் செய்ததும் எச்பியில் எஃப்11 தட்டுங்கள். ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10. டெல்லில் எஃப்8 தட்டி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகப் போக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் விண்டோஸ் அரைகுறையாக நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஆனால் தட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா, நான்கு வருஷம் உட்கார்ந்து குடும்ப வரலாறு எழுதினார். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. கம்ப்யூட்டர் ஊர்கிறது என்று அண்ணன் ரீசெட் செய்தார். ஃபைல்களையெல்லாம் முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார், பொறுப்பானவர். திரும்பத் திறந்தால் தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "என்னடா, எல்லாம் போச்சா?" என்று பெரியப்பா கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எதுவும் போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் 'அம்மா' என்று அடிக்கும்போது, ஃபைலில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஐந்தையும் திரையில் 'அம்மா'வாக வரைந்து காட்டுவது எழுத்துருதான். அது இருப்பதோ சி டிரைவில், விண்டோஸுக்குள், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். ரீசெட் செய்தால் அந்த ஃபோல்டரில் நாம் சேர்த்ததெல்லாம் போய்விடும். 'மை டாகுமென்ட்ஸ்' மட்டும் எடுத்து வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். யூனிகோடில் அடித்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. லதா எழுத்துரு விண்டோஸ் 7-உடன் கூடவே வருகிறது.

பாமினியை மறுபடி நிறுவியதும் பெரியப்பாவின் முதல் பக்கம் தமிழில் விரிந்தது. அன்றே கன்வெர்ட்டரில் போட்டு அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம்.

இன்னும் இரண்டு விஷயம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-உடன் நின்றது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ரீசெட் செய்த பெட்டியில் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். பேங்க் வேலை வேண்டாம். அடுத்து, வெறும் ரீசெட் பழைய ஃபைல்களைத் துடைத்தெடுப்பதில்லை, மென்பொருள் வைத்து மீட்க முடியும். கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பழைய எழுத்துருவில் அடித்து வைத்தது எதுவாக இருந்தாலும், கதையோ கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ, இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். எஃப்11-ஐ அதற்குப் பிறகு தொடலாம்.