ஊராட்சி ஆவணங்களைக் கேட்டுப் பெறும் முறை

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் மிகச் சிலரே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வாரிய உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லிலே பொறித்து வைத்தனர். குடத்தில் ஓலை இட்டு எடுத்த முறையைப் பலரும் பாராட்டுவர். அவ்விதிகளுள் மற்றொன்றை நினைவு கூர்வோர் குறைவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே என்பதுதான் அது. ஊர்ப் பொதுப் பணத்தைக் கையாளுவோர் ஊராருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று.

இக்காலத்தில் அக்கொள்கைக்குச் சட்டத்தின் துணையும் கிட்டியிருக்கிறது. 1990-களில் இராசத்தான் மாநிலத்துச் சிற்றூர்களில் கூலித் தொழிலாளரும் உழவரும், தமக்குக் கூலி கொடுத்ததாக எழுதப்பட்ட வருகைப் பட்டியல்களைக் காட்டுமாறு கேட்டனர். அக்கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலேயே தகவல் பெறும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. பின்னர் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியும், ஊராட்சி ஒன்றியமும், மாவட்ட ஊராட்சியும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே.

உரிமை இருந்தும் பலர் அதனால் பயன் பெறுவதில்லை. கேட்கும் வகை அறியாமையே இதற்கு முதற் காரணம் என்பது நமது அனுபவம்.

இரண்டு மனுக்கள்

நாம் முன்பு பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், ஒரு சிற்றூரின் கடைசித் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவில்லை. அத்தெருப் பெண்கள் இரண்டு தெருக்கள் தாண்டிக் குடம் சுமந்தனர். குழாய் போடப் பணம் ஒதுக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் ஊரில் பரவியிருந்தது. ஊராட்சித் தலைவர் பணத்தை விழுங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. அத்தெருப் பெரியவர் ஒருவர் நமது அலுவலகத்துக்கு மனு அனுப்பினார். “எங்கள் தெருவுக்கு ஏன் குழாய் போடவில்லை? இதற்குப் பொறுப்பானவர் யார்? அவர்மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?” என்பவை அவர் கேட்டவை.

“தாங்கள் கோரும் வகையில் ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை” என்று இரண்டு வரியில் விடை எழுதி அனுப்பினோம். சட்டப்படி அவ்விடையில் பிழை காண்பது அரிது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைப் பெறவே இச்சட்டம் உரிமை தருகிறது. இல்லாத ஒன்றை ஆக்கித் தரும்படியோ, கருத்துரைக்கும்படியோ கேட்க இதில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயினும், எந்த ஆவணத்தைக் கேட்டால் அவருக்கு விடை கிடைக்கும் என்று சொல்லியிருக்க நம்மால் முடியும். சொல்லாது விட்டோம். அத்தெரு மேலும் சில மாதங்கள் குடம் சுமந்தது.

பின்னர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் துணையோடு அப்பெரியவர் இரண்டாம் மனு எழுதினார். குறிப்பிட்ட ஆண்டில் அவ்வூர்க் குடிநீர்க் குழாய் விரிவாக்க வேலைக்கான மன்றத் தீர்மானம், வேலை மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும் என்பதே அம்மனு. அதில் வினாவும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நான்கு ஆவணங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அதனைத் தட்டிக்கழிக்க எவராலும் இயலாது.

குறை தீர்க்கக் கோரும் மனு வேறு. ஆவணம் கோரும் மனு வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பாதி வழியைக் கடந்தவராவார்.

எது எதில் இருக்கிறது?

ஊராட்சியில் எச்செயலும் ஏதேனும் ஒரு பதிவேட்டில் தடம் பதித்தே செல்லும். ஒரு வேலையைச் செய்ய முடிவெடுத்தது யார், எப்போது என்பது தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். எவ்வளவு நீளம், எவ்வளவு செலவு என்று திட்டமிட்டது மதிப்பீட்டில் இருக்கும். உண்மையில் எவ்வளவு வேலை நடந்தது என்று பொறியாளர் அளந்து எழுதியது அளவுப் புத்தகத்தில் இருக்கும். பணம் வந்ததும் போனதும் ரொக்கப் பதிவேட்டிலும் செலவுச் சீட்டுகளிலும் இருக்கும். வீட்டு வரி எவ்வளவு விதிக்கப்பட்டது என்பதை வரிக் கேட்புப் பதிவேடு காட்டும். கணக்கில் கண்ட குறைகளைத் தணிக்கை அறிக்கை சொல்லும்.

பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவை ஊராட்சிக்கு உரியவை அல்ல. வருவாய்த் துறைக்கு உரியவை. அவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நாடுதல் வேண்டும். மனு தவறான அலுவலகத்திற்குச் சென்றுவிட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. உரிய அலுவலகத்திற்கு 5 நாட்களுக்குள் அதனை மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

மனு எழுதும் முறை

இதற்கெனத் தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். “பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்” என்று தொடங்கி, அலுவலகத்தின் பெயரைக் குறித்தல் வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு செய்வதாக ஒரு வரி எழுதுவது நன்று. பின்னர் வேலையின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, வேண்டும் ஆவணங்களை எண்ணிட்டு வரிசையாக எழுதுதல் வேண்டும். “ஊராட்சியின் எல்லாக் கணக்குகளும் வேண்டும்” என்பது கேட்பவருக்கும் பயன்படாது, கொடுப்பவருக்கும் பெருஞ்சுமையாகும். ஒரு வேலை, ஓர் ஆண்டு என்று வரையறுத்துக் கேட்பதே சிறந்தது.

எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. அலுவலரும் காரணம் கேட்டல் ஆகாது. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினால், அதனை எழுத்தில் வடிக்கத் தக்க உதவி செய்வது பொதுத் தகவல் அலுவலரின் கடமையாகும்.

மனுவுடன் 10 ரூபாய்க் கட்டணம் செலுத்த வேண்டும். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டுவது எளிய வழி. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்குரிய சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய் பின்னர்ச் செலுத்த நேரிடும். மனுவை நேரில் கொடுத்தால் நாளிட்ட ஒப்புகை பெறுக. விரைவு அஞ்சலில் அனுப்பினால் அஞ்சலக இரசீதைப் பாதுகாத்து வைக்க. மனுவின் படி ஒன்று நம் கையில் இருத்தல் இன்றியமையாதது.

நகல் பெறுவது ஒன்றே வழியன்று. பதிவேட்டை நேரில் பார்வையிடவும், குறிப்பு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. பொது வேலைக்குப் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் சட்டம் இடந்தருகிறது. எந்தப் பக்கம் வேண்டும் என்று அறியாதவர் முதலில் பார்வையிட்டு, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் செலவு குறையும். பார்வையிடுதலில் முதல் ஒரு மணி நேரத்திற்குக் கட்டணம் கிடையாது.

நாட்களும் மேல்முறையீடும்

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும். நகற் கட்டணம் கேட்டுக் கடிதம் எழுதிய நாள் முதல் அதனைச் செலுத்தும் நாள் வரை உள்ள காலம் இக்கணக்கில் சேராது. உரிய காலம் கடந்து கொடுக்கப்படும் தகவலுக்குக் கட்டணம் பெறலாகாது.

மறுப்பதாயின் காரணத்தையும், மேல்முறையீட்டு அலுவலர் இன்னார் என்பதையும் எழுதித் தெரிவிக்க வேண்டும். விடை வராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், 30 நாட்களுக்குள் அவருக்கு மேலுள்ள அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 30 நாட்களிலும், காரணம் எழுதினால் அதிகமாக 45 நாட்களிலும் முடிவு கூற வேண்டும். அதன் பின்னரும் குறை இருப்பின், 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

எல்லா ஆவணமும் எல்லோருக்கும் கிட்டும் என்று எண்ணுதல் கூடாது. நாட்டின் பாதுகாப்பு, நடைபெறும் புலனாய்வு, வாணிப இரகசியம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தனி மனிதரின் சொந்த விவரங்களுக்கும் விலக்கு உண்டு. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலக்கை விரிவுபடுத்தியது. எனினும், வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பெரிதாக இருப்பின் விலக்குப் பெற்றதையும் தரலாம் என்னும் விதி நிலைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் சில வரிகள் மட்டும் தரத்தகாதவையாயின், அவற்றை நீக்கி எஞ்சியதைத் தருதல் வேண்டும். பக்கம் முழுவதையும் மறுத்தல் முறையன்று.

ஆவணம் சொன்ன உண்மை

கடைசித் தெருவின் செய்தியை முடித்துவிடுவோம். பெரியவருக்கு நகல்கள் கிடைத்தன. மதிப்பீட்டில் அத்தெரு இருந்தது. அளவுப் புத்தகமோ முந்திய தெருமுனையோடு நின்றிருந்தது. ஒப்பந்தக்காரருக்குப் பணமும் அளந்த நீளத்திற்கே கொடுக்கப்பட்டிருந்தது. எவரும் எதையும் விழுங்கவில்லை. நடுவில் அலுவலர் மாறினார். எஞ்சிய வேலையை எடுத்து நடத்துவாரின்றிக் கோப்பு உறங்கிற்று. எஞ்சிய பணம் கணக்கிலேயே கிடந்தது. பெரியவர் நகல்களைக் கிராம சபையில் படித்துக் காட்டினார். அன்றே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கோடைக்கு முன் அத்தெருவில் தண்ணீர் வந்தது. பழி சுமந்து நின்ற தலைவரின் வீட்டுக்குப் பெரியவரே சென்று, “ஐயா, தெரியாமல் பேசிவிட்டோம்” என்று கூறியதாகக் கேள்வியுற்றோம்.

ஆவணத்தை மறைப்பதால் குற்றவாளி மட்டுமன்றி, குற்றமற்றவரும் ஐயத்துக்கு உள்ளாகிறார். இதனை நம்மோடு பணிபுரியும் அலுவலர்கள் சிந்தித்தல் வேண்டும். மனுதாரரை வம்பர் என்று எண்ணாமல், அவர் தேடும் பதிவேடு இன்னதென்று எடுத்துக் கூறினால் பாதி மனுக்கள் நாற்காலியருகிலேயே தீர்ந்துபோகும். கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்கள் பலவற்றைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வகுத்துள்ளது. அவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தாலே பல மனுக்களுக்குத் தேவை இராது.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன. அடுத்த சபைக்கு ஒன்றரைத் திங்கள் முன்னதாகவே, தம் தெருவைப் பற்றிய ஒரே ஒரு வேலையின் ஆவணத்தைக் கேட்டு ஊர்மக்கள் மனு செய்வார்களாக. சபை கூடும் நாளில் அந்நகல் கையில் இருக்குமாயின், வதந்திக்கு அங்கே இடமிராது, வேலை நடக்கும்.