உடுப்புத் தைக்கச் சொல்லித் தந்த பத்திரிகை



கடையில் தொங்கும் அழகான கவுனைப் பார்த்து, மகளுக்கு எடுக்கலாமே என்று ஆசைப்பட்டு, விலைச் சீட்டைக் கண்டதும் பேசாமல் திரும்பிய தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். அப்படித் திரும்பிப் போகிறவர்களுக்காகவே ஒரு பத்திரிகையை நடத்திப் புகழ் பெற்றவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஏன்னே புர்டா அம்மையார். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஏன்னே 1909-ஆம் ஆண்டு ஆஃபன்பர்க் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தையார் ரயில்வேத் தொழிலாளி. 17 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, உள்ளூர் மின்சார நிறுவனத்தில் காசாளராக வேலைக்கு அமர்ந்தார். 1931-இல் அச்சகத் தொழில் செய்துவந்த ஃபிரான்ஸ் புர்டாவை மணந்தார். ஆண் பிள்ளைகள் மூவர் பிறந்தார்கள். வீடும் பிள்ளைகளுமாகவே காலம் போயிற்று.

1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியில் துணிக்குக் கடும் பஞ்சம். பழைய போர்வையை வெட்டி மேலங்கி தைத்தார்கள்; தாயின் பாவாடையைப் பிரித்து மகளுக்குச் சட்டை தைத்தார்கள். ஊசியும் நூலும் குடும்பத்தின் மானத்தைக் காத்த காலம் அது.

1949-இல் அம்மையாருக்கு ஓர் உண்மை தெரிய வந்தது. கணவர் தம்மோடு நெருங்கிப் பழகிய வேறொரு பெண்ணின் பொறுப்பில் ஓர் உடையலங்காரப் பத்திரிகையை நடத்தி வந்தார். அதுவோ கடனில் மூழ்கிக் கிடந்தது. இன்னொருத்தியாயிருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவரோ, அந்தப் பத்திரிகையை என்னிடம் ஒப்படையுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 40. 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' என்ற பெயரில் முதல் இதழ் வெளிவந்தது. அச்சிட்டவை ஒரு லட்சம் பிரதிகள்.

நேயர்களே, உடையலங்காரப் பத்திரிகைகள் அதற்கு முன்பும் இருந்தன. பாரிஸ் நகரத்து உடைகளைப் படம் பிடித்துப் போட்டன. பார்த்து ஆசைப்படலாம், வாங்க முடியாது. அம்மையாரின் பத்திரிகையில் 1952 முதல் படத்தோடு வெட்டு மாதிரித் தாளும் சேர்ந்து வந்தது. பத்திரிகைக்குப் பெரும் வரவேற்பு அதன் பிறகுதான் கிடைத்தது.

அந்தத் தாள் எப்படி இருக்கும்? மடித்து வைத்த பெரிய தாள். விரித்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகள் பின்னிக் கிடக்கும். பல உடுப்புகளின் அளவுகளை ஒரே தாளில் அடக்கியிருப்பதால் இந்தப் பின்னல். உடுப்புக்கு ஒரு நிறம், துண்டுக்கு ஓர் எண், அளவுக்கு ஒரு விதக் கோடு என்று பிரித்திருப்பார்கள். நமக்கு வேண்டிய கோட்டின்மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்துகொள்ள வேண்டும். வரைந்ததை வெட்டித் துணியின்மேல் பரப்பி, தையலுக்கு ஒன்றரை செண்டிமீட்டர் ஓரம் விட்டு வெட்ட வேண்டும். ஓரம் விட மறந்தால் சட்டை இறுக்கிப் பிடிக்கும்! அவசரக்காரர்கள் பலர் பட்ட பாடு இது. ஆகவே முதலில் பழைய துணியில் வெட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இப்படியாக, செல்வர் வீட்டுப் பெண் உடுத்திய அதே உடையைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணும் துணி விலையில் தைத்து உடுத்தினாள். 1960-களில் பத்திரிகையின் விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பல மொழிகளிலும் வெளிவந்தது.

1987-இல் ரஷ்ய மொழிப் பதிப்பு தொடங்கியது. சோவியத் யூனியனில் வெளியான முதல் மேற்கத்தியப் பத்திரிகை இதுவே என்பார்கள். மாஸ்கோவில் நடந்த தொடக்க விழாவில் நாட்டுத் தலைவர் கோர்பச்சேவின் துணைவியார் ரைசாவும் கலந்துகொண்டார். அந்நாட்டுக் கடைகளில் மனத்துக்குப் பிடித்த ஆயத்த உடைகள் அரிதாயிருந்தன. பெண்கள் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த மாதிரித் தாள் பெரும் உதவியாக அமைந்தது.

அம்மையார் 2005-ஆம் ஆண்டு தம் 96-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

நேயர்களே, அவர் பெரிய பட்டங்கள் பெற்றவர் அல்லர். பத்திரிகைத் தொழிலுக்கும் 40 வயதில்தான் வந்தார். ஆயினும், கையில் காசில்லாத பெண்ணுக்கும் நல்ல உடை உடுத்தும் ஆசை உண்டு என்பதை உணர்ந்திருந்தார். அந்த ஆசையை எள்ளி நகையாடவில்லை. அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழியைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் ஒரு தையல் இயந்திரம் தூசி படிந்து கிடந்தால், இன்று மாலை அதைத் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.