குடித்து வண்டி ஓட்டித் தண்டனை ஆனபின்: குடும்பம் கவனிக்க வேண்டியவை



குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட ஒருவருக்குக் கோர்ட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "அபராதத்தைக் கட்டினா கதை முடிஞ்சது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தினமும் குடித்துப் பழகியவருக்கு உயிர் ஆபத்தே அதற்குப் பிறகுதான் வரலாம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாக்கப்பட்டது. முன்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மது இருக்கலாம் என்றிருந்தது, இப்போது 50தான். முதல் தடவை பிடிபட்டால் 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் குறைந்தது 2 ஆண்டுக்குப் போய்விடும். இரண்டாம் தடவை என்றால் அபராதம் 20,000 முதல் 50,000 வெள்ளி, சிறை 5 ஆண்டு வரை. யாராவது இறந்துபோனால் முதல் தடவைக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை. கார், லாரிக்கு மட்டும் அல்ல, நம்முடைய சின்ன மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

அபராதத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால், தவணை கேட்டு கோர்ட்டில் விண்ணப்பிக்கலாம். தருவதும் தராததும் கோர்ட்டின் முடிவு. கட்டாவிட்டால் அதற்கு ஈடாகச் சிறை உண்டு. அப்பீல் செய்ய நினைத்தால் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். வட்டிக்காரனிடம் ஓடுவதற்கு முன்னால் இதையெல்லாம் விசாரியுங்கள்.

இனி உடம்பு விஷயத்துக்கு வருவோம். சம்சுவோ, பீரோ, பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவருடைய மூளையை மது அமுக்கியே வைத்திருக்கும். மூளையும் அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகியிருக்கும். புக்கிட் தங்கா இறக்கத்தில் பிரேக்கையும் எண்ணெயையும் சேர்த்து மிதித்துக்கொண்டு வருகிற லாரி மாதிரி. திடீரென்று பிரேக்கை விட்டால் என்னாகும்? லாக்கப்புக்குள் போனவருக்கு மது நின்றவுடன் அதேதான் நடக்கிறது.

கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் வராது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார், உடம்பெல்லாம் பூச்சி ஊருது என்பார், காய்ச்சல் அடிக்கும், நாடி வேகமாக ஓடும். இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கொண்டுபோவது தவறு. வைத்தியம் இல்லாவிட்டால் ஆள் இறந்துபோகலாம். ஆஸ்பத்திரியில் நரம்பை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அபராதம் கட்டி வீட்டுக்கு வந்தவருக்கும் இந்த ஆபத்து உண்டு. வெட்கத்தில், சாமி மேல் சத்தியம் செய்து, ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். நிறுத்துவது நல்லதுதான். ஆனால் காலையில் கை நடுக்கம் தீர ஒரு கிளாஸ் போட்டால்தான் பெரட்டுக்குப் போக முடியும் என்கிறவரும், முன்பு வலிப்பு வந்தவரும் டாக்டர் துணையோடுதான் நிறுத்தணும். கோர்ட் தேதிக்கு முன்பே கோலா கிளாவாங்கில் உள்ள ஜெலெபு மருத்துவமனைக்கோ அரசாங்க கிளினிக்குக்கோ போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

சிறைக்குப் போகிறவர் என்றால் வீட்டார் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுக்கணும்: தினமும் என்ன குடிப்பார், எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததுண்டா, இனிப்புநீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார். அங்குள்ள அதிகாரியிடம் வாயாலும் சொல்லுங்கள்: "டியா மினும் ஆராக் ஹாரி-ஹாரி, பெர்லு ஜும்பா டாக்டர்." கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். சொன்னால்தான் அவர்கள் கவனிக்க முடியும்.

பிறகு லைசென்ஸ் இல்லாத காலம். "கடைக்குத்தானே, பக்கத்துலதானே" என்று வண்டியை எடுக்கக் கூடாது. தடை உள்ள காலத்தில் ஓட்டுவது தனிக் குற்றம். டிராக்டர், லாரி டிரைவராக இருந்தவர் வேலை இழக்கக்கூடும். ஆகவே தீர்ப்பு வருவதற்கு முன்பே சங்கக் கிளைத் தலைவரிடம் பேசி, வெளிக்காட்டு வேலைக்கு மாற வழியுண்டா என்று கேளுங்கள்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள். ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவுதான் மதுவைக் குறைக்கும். இரவு 11 மணிக்கு 180 இருந்தால் காலை 6 மணிக்கு இன்னும் 75 இருக்கும். கோப்பியோ, எலுமிச்சை ஜூஸோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதைக் குறைக்காது.

அவமானத்தில் மனம் உடைந்து, "இனி உயிரோட இருந்து என்ன" என்று பேசுகிறவரைத் தனியாக விடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. வீட்டில் யாரேனும் ஒருவர் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.