படைத்துறைக் கைத்துப்பாக்கி மாற்றம்: அமெரிக்காவின் எம்9

எம்9 என்பது அமெரிக்கப் படைகள் 1985 முதல் பொதுப் பயன்பாட்டில் வைத்திருந்த 9 மி.மீ. தானியங்கு கைத்துப்பாக்கி ஆகும். இத்தாலிய நிறுவனமான பெரெட்டாவின் '92' வகையை அடிப்படையாகக் கொண்டது. 2017 ஆம் ஆண்டு இதற்கு மாற்றாக எம்17, எம்18 என்னும் துப்பாக்கிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பழைய கைத்துப்பாக்கியை ஒரு படை எப்போது மாற்ற வேண்டும், மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

கைத்துப்பாக்கி படையின் முதன்மை ஆயுதம் அன்று. காலாட்படை வீரரின் முதன்மை ஆயுதம் துமுக்கி எனப்படும் ரைபிள். அதிகாரிகள், இராணுவக் காவலர்கள், வானோடிகள், கவச வண்டி ஓட்டுநர்கள், இயந்திரத் துப்பாக்கி இயக்குவோர் ஆகியோரே பெரும்பாலும் கைத்துப்பாக்கி வைத்திருப்பர். பெரிய ஆயுதம் கையில் இல்லாத போதும், அது பழுதான போதும் உயிர் காக்கும் கடைசிக் கருவி இது. அரிதாகவே பயன்படும், ஆனால் பயன்படும் நேரத்தில் தவறக்கூடாது. மாற்றம் பற்றிய வாதங்கள் அனைத்தும் இந்த இரு உண்மைகளுக்கு இடையில்தான் நடக்கின்றன.

'பழையது' என்பதன் இரு பொருள்கள்

ஒரு துப்பாக்கியைப் பழையது என்று சொல்லும்போது இரண்டு வேறு செய்திகள் கலந்துவிடுகின்றன. ஒன்று, வடிவமைப்பு பழையது. மற்றொன்று, வீரரின் கையில் உள்ள அந்தத் துப்பாக்கியே தேய்ந்துபோனது.

வடிவமைப்பின் வயது மட்டும் ஓர் ஆயுதத்தைத் தகுதியற்றதாக்கி விடாது. ஜான் மோசஸ் பிரௌனிங் தொடங்கி வைத்த 'ஹை-பவர்' வடிவம் 1935 இல் வெளிவந்தது. பிரித்தானியப் படைகள் அதை 2013 வரை பொதுப் பயன்பாட்டில் வைத்திருந்தன. இந்தியாவில் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாகும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் அதே வடிவத்தைத் தழுவியதே.

தேய்மானம் வேறு வகை. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் உட்பகுதி, ஸ்லைடு, பூட்டுப் பகுதி, ஸ்பிரிங்குகள் ஆகியவை அழுத்தத்திற்கு உள்ளாகின்றன. ஸ்பிரிங்கை மாற்றலாம், குழலை மாற்றலாம். ஆனால் உடற்சட்டமே தளர்ந்துவிட்டால் உதிரிப்பாகங்கள் உதவா. எனவே வடிவம் பழையதா என்பதை விட, கையிருப்பில் உள்ளவை எந்த நிலையில் உள்ளன என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் மாற்றம்: 1911 முதல் 1985 வரை

எம்9-க்கு முன் அமெரிக்கப் படைகளிடம் இருந்தது எம்1911. இதையும் பிரௌனிங்கே வடிவமைத்தார். 0.45 அங்குலத் தோட்டாவைச் சுடும் இதன் மேகசினில் 7 தோட்டாக்கள் கொள்ளும். பிலிப்பைன்சில் நடந்த சண்டைகளில் 0.38 அங்குலச் சுழல் துப்பாக்கிகள் எதிரியைத் தடுத்து நிறுத்தப் போதவில்லை என்ற முறைப்பாடுகளே பெரிய தோட்டாவை நாடக் காரணமாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசு இவ்வகையில் புதியவற்றை வாங்கவில்லை. கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் பயன்பட்டவை 1945-க்கு முன் செய்யப்பட்டு, திரும்பத் திரும்பப் பழுது பார்க்கப்பட்டவையே. 1970களின் இறுதியில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்தபோது, படைகளிடம் 25-க்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கி வகைகளும் 100-க்கும் மேற்பட்ட தோட்டா வகைகளும் இருப்பது தெரிய வந்தது. இத்தனை வகைகளுக்கும் உதிரிப்பாகம் சேர்ப்பதும் போர்முனையில் சரியான தோட்டாவைக் கொண்டு சேர்ப்பதும் பெரும் சுமையாகும். நேட்டோ நாடுகள் 9 மி.மீ. தோட்டாவைப் பொது அளவாகக் கொண்டிருந்ததும் மாற்றத்திற்கு வலுச் சேர்த்தது.

நீண்ட சோதனைகளுக்குப் பின் 1985 சனவரியில் பெரெட்டா தேர்வானது. இறுதிச் சுற்றில் அதனுடன் நின்ற சிக் சாவர் பி226, மேகசின், உதிரிப்பாகங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த விலையில் பின்தங்கியது. எம்9-இன் மேகசினில் 15 தோட்டாக்கள் கொள்ளும்; பழையதை விட இரு மடங்குக்கும் மேல்.

புதியதன் குறைகள்

புதிய துப்பாக்கி வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1987 முதல் சில எம்9 துப்பாக்கிகளின் ஸ்லைடு சுடும்போது உடைந்தது. உடைந்த பின்பகுதி பின்னோக்கிப் பறந்து சுடுபவரின் முகத்தைத் தாக்கியது. வீரர்கள் சிலர் காயமடைந்தனர். தோட்டாவின் மிகை அழுத்தம் காரணமா, உலோகத்தின் தரம் காரணமா என்று வாதம் நடந்தது. பின்னர் சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலை பெரிதாக்கப்பட்டது. இதனால் ஸ்லைடு உடைந்தாலும் உடற்சட்டத்தை விட்டு வெளியேறாது.

ஈராக் போரில் வேறொரு குறை வெளிப்பட்டது. சில மேகசின்களின் சொரசொரப்பான பூச்சில் நுண்மணல் படிந்து, தோட்டாக்கள் மேலெழாமல் சிக்கின. இவை பெரெட்டாவிடமிருந்து அல்லாமல் வேறு ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கப்பட்டவை. வழவழப்பான பூச்சுள்ள மேகசின்கள் பிறகு வழங்கப்பட்டன. இங்கே மாற்ற வேண்டியிருந்தது துப்பாக்கியை அன்று, அதன் ஓர் உறுப்பை மட்டுமே. வீரர் ஒருவருக்குத் துப்பாக்கியின் மேல் நம்பிக்கை போய்விட்டால், குறை மேகசினில் இருந்ததா வேறெங்காவது இருந்ததா என்று அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். படைத்துறைதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டும் என்ற தரப்பு

2010களில் எம்9-ஐ மாற்ற முன்வைக்கப்பட்ட காரணங்கள் பின்வருமாறு:

1. கையிருப்பில் இருந்த பல துப்பாக்கிகள் தேய்ந்திருந்தன.

2. பிடி பருமனானது. சிறிய கைகள் உடையோருக்கு, குறிப்பாகப் பெண் வீரர்கள் பலருக்கு, விசையை எட்டுவது கடினமாக இருந்தது.

3. முதல் குண்டுக்கு விசையை நீளமாகவும் கடினமாகவும் இழுக்க வேண்டும். அடுத்தவற்றுக்கு இலேசாக இழுத்தால் போதும். இரு வேறு இழுப்புகளுக்கும் வீரர் பழக வேண்டியிருந்தது.

4. பாதுகாப்புத் தாழ் ஸ்லைடின் மேல் அமைந்திருந்தது. ஸ்லைடை அவசரமாக இழுக்கும்போது அறியாமலே தாழ் விழக்கூடும்.

5. முதலில் வந்த எம்9 துப்பாக்கிகளில் விளக்குப் பொருத்தும் தடம் இல்லை.

வேண்டாம் என்ற தரப்பு

இவற்றுள் பல, திருத்தத்தாலேயே தீரக்கூடியவை என்று மறுதரப்பு வாதிட்டது. மெல்லிய பிடி, விளக்குத் தடம், 17 தோட்டா மேகசின் ஆகியவற்றுடன் எம்9ஏ3 என்னும் திருத்த வடிவத்தைப் பெரெட்டா 2014 இறுதியில் முன்வைத்தது. இராணுவம் அதை ஏற்கவில்லை.

செலவும் காலமும் மற்றொரு வாதம். புதிய துப்பாக்கிக்கான நிபந்தனை ஆவணம் 350 பக்கங்களைத் தாண்டியது. நெடுங்காலமாக உலகறிந்த ஒரு கருவிக்கு ஈராண்டுச் சோதனையும் 1.7 கோடி டாலரும் எதற்கு என்று அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி 2016 இல் வெளிப்படையாகவே கேட்டார். அவர் குறை கூறியது மாற்றத்தை அன்று, அதற்கான நடைமுறையை. பிரித்தானியா 2013 இல் ஏறத்தாழ 90 இலட்சம் பவுண்டு ஒப்பந்தத்தில் 25,000-க்கும் மேற்பட்ட குளோக் 17 துப்பாக்கிகளை வாங்கி இதே மாற்றத்தை முடித்திருந்தது.

துப்பாக்கியின் விலையோடு கணக்கு முடிந்துவிடாது என்பதையும் இத்தரப்பு நினைவூட்டுகிறது. உறை, உதிரிப்பாகம், பழுதுபார்ப்போருக்கான பயிற்சி, வீரர்களின் மறுபயிற்சி எல்லாம் சேர்ந்ததே மாற்றத்தின் விலை. வீரர் ஒருவர் ஆண்டுக்குச் சில முறையே சுட்டுப் பழகுவாரானால், புதிய துப்பாக்கியை விடக் கூடுதல் பயிற்சித் தோட்டாக்களே அவருக்கு அதிகம் உதவக்கூடும்.

2017 முடிவும் அதன் பின்னும்

2017 சனவரி 19 அன்று சிக் சாவர் நிறுவனத்தின் பி320 தேர்வானது. ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு 58 கோடி டாலர். போட்டியிட்ட குளோக் நிறுவனம் முறையீடு செய்தது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு அதே ஆண்டு சூனில் அதைத் தள்ளுபடி செய்தது. சிக் சாவரின் விலைக்கோரல் 16.95 கோடி டாலர், குளோக்கினுடையது 27.22 கோடி டாலர். 1985 இல் விலையால் தோற்ற நிறுவனம் இம்முறை விலையால் வென்றது எனலாம்.

எம்17-இன் பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் மாற்றத்தக்கது. விசை இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றே. பாதுகாப்புத் தாழ் உடற்சட்டத்தில் உள்ளது. விளக்குத் தடமும் உண்டு. மேலே கூறிய குறைகளுக்கு இவை நேரான விடைகள்.

ஆயினும் இதற்கும் சொந்தக் குறைகள் இருந்தன. சோதனையில் கீழே விழுந்தபோது துப்பாக்கி தானே வெடித்தது கண்டறியப்பட்டு, விசை அமைப்பு திருத்தப்பட்டது. 2025 சூலையில் வயோமிங் மாநில வான்படைத் தளம் ஒன்றில் எம்18 துப்பாக்கியால் வீரர் ஒருவர் இறந்தார். அதன்பின் வான்படையின் ஒரு பிரிவு எம்18 பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. இறப்பு தொடர்பாக மற்றொரு வான்படையினர் கைது செய்யப்பட்டார். கையிருப்பு முழுவதையும் ஆய்வு செய்த பின் துப்பாக்கிகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன.

எப்போது மாற்றலாம்

எம்1911, எம்9 ஆகிய இரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், மாற்றத்திற்கு நியாயமான காரணங்கள் மூன்று எனலாம்: பழுது பார்க்கும் செலவு புதியதன் செலவை நெருங்குவது, பல வகைத் துப்பாக்கிகளாலும் தோட்டாக்களாலும் வழங்கல் குலைவது, படையினரில் ஒரு பகுதியினரால் துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கவே முடியாமல் இருப்பது. 1985 இல் முதல் இரண்டும் தெளிவாக இருந்தன. 2017 இல் தேய்மானமும் பிடியின் அளவுமே வலுவான காரணங்கள். மற்றவை எம்9-ஐத் திருத்தியும் தீர்த்திருக்கக் கூடியவை.

பழைய துப்பாக்கியின் குறைகள் பல்லாண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை. புதியதன் குறைகள் இனிமேல்தான் தெரியவரும். ஆகவே மாற்ற முடிவு செய்யும் படை, வாங்கும் செலவோடு முதல் சில ஆண்டுகளில் வரக்கூடிய திருத்தங்களுக்கும் பணமும் காலமும் ஒதுக்குவது அவசியம். அதுவரை பழைய துப்பாக்கிகளின் ஸ்பிரிங்கையும் மேகசினையும் உரிய காலத்தில் மாற்றி வருவது, அவற்றை இன்னும் ஏந்தி நிற்கும் வீரர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.