ஓரெழுத்தும் தடையாகும்

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனுக்கு ஜேர்மனியிலே ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வீட்டார் மகிழ்ந்தனர். ஆயின், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தந்தை பெயர் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருந்தது. வேற்றுமை ஓரெழுத்தே. அதனைச் சீர்செய்து முடிப்பதற்குள் பயிற்சியில் ஒரு மாதம் கழிந்துவிட்டது.

ஆதலின், பெற்றோர் முதலிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பத்திரங்கள் யாவற்றையும் மேசையிற் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செல்லும்போது கடவுச்சீட்டையும் கொண்டு செல்க. பெயர் அதிலுள்ளவாறே அமையட்டும்.

அடுத்து, நிபந்தனைகளை அறிதல் வேண்டும். ஜேர்மனியிலே படிப்போடு தொடர்புடைய பயிற்சி பெற விழையும் பிறநாட்டுப் பல்கலைக்கழக மாணவர், நான்கு அரையாண்டுப் பருவங்களேனும் கற்றிருத்தல் வேண்டும். பயிற்சி ஓராண்டுக்கு மேற்படலாகாது. அந்நாட்டு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் இணக்கமும் வேண்டும்.

அங்கு சென்றபின்னும் கடமை முடிவதில்லை. 2015 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, நெடுநாள் தங்குவோர் குடிபுகுந்து இரு வாரத்துள் நகர அலுவலகத்திற் பதிதல் வேண்டும். வீடு தந்தவரின் உறுதிக் கடிதமும் அதற்குத் தேவை. வாடகை பேசும்போதே அதனைக் கேட்டுவைத்தல் நன்று.

பிள்ளையின் பெட்டியிலே பலகாரம் குறைந்தாற் பாதகமில்லை, பத்திரம் குறைதலாகாது.