மலைமேல் ஒரு பல்வலி

பல்வலியை நம்மவர் பெரும்பாலும் வேடிக்கைக்குரிய நோயாகவே கருதி வந்திருக்கின்றனர். காய்ச்சல் கண்டவனைப் பார்த்தால் இரங்குகிறோம். கன்னம் வீங்கி, மேல்துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வருபவனைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. நாடகத்திலும் சினிமாவிலும் விதூஷகனுக்கு வாய்க்கும் நோய் இதுவே. ஆனால் இரவு முழுவதும் கண் மூடாமல் சுவரோடு தலையை முட்டிக்கொண்டு கிடந்தவனுக்கே இதன் உண்மை தெரியும். அவன் ஜவ்வாது மலையில் குடியிருப்பவனாயின், பொழுது விடிந்த பிறகும் அவனுக்கு விடிவு கிடையாது.

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. 2019-இல் பழைய வேலூர் ஜில்லாவைப் பிரித்தபோது மலையும் அதனோடு பங்கு போடப்பட்டது. இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள தேசத்தாரை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்று சொல்லிக்கொள்ளும், தமிழே பேசும் பழங்குடி மக்கள் இவர்கள். சாமையும் தினையும் விதைத்து, புளியும் பலாவும் தேனும் விற்றுக் காலந்தள்ளுகின்றனர். அது போதாமையால் வெளி மாகாணங்களுக்குக் கூலி வேலை தேடிச் செல்பவரும் பலர். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வறுமை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் விரட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அறுவடைக் காலத்தில் இம்மலைச் சிற்றூரொன்றில் ஒருவருக்குக் கடைவாய்ப்பல் நோகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கிராம்பை வைத்துக் கடிக்கிறார். இரண்டாம் நாள் புகையிலையை அடக்குகிறார். மூன்றாம் நாள் பெட்டிக்கடை மாத்திரை. அதற்குப் பின் ஜமுனாமரத்தூர் வரையில் நடையோ, யாரேனும் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளோ. அங்கிருந்து போளூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் பஸ் பயணம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் கட்டணம் இல்லை என்பது மெய்தான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு ஒரு நாட்கூலி, பஸ் சத்தம், துணைக்கு வருபவரின் கூலி ஆகிய மூன்றும் போக வேண்டும். வீக்கம் வடிந்த பின் வரச் சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினாலோ, இவ்வளவும் இருமடங்கு. 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். தனியார் வைத்தியரிடம் பல்லைக் காப்பாற்றும் வேர்ச் சிகிச்சைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆதலால் அவர் இரண்டாம் முறை போவதில்லை. சில நாளில் பல் தானாகவே அடங்குகிறது. உள்ளிருக்கும் நரம்பு செத்துப்போனதால் ஏற்பட்ட அடக்கம் அது என்பதை அவருக்கு யார் சொல்வது?

பல்லின் கூழ் அழுகியபின் சீழ் வேர் நுனியில் தேங்கும். அதற்கு ஒரு வடிகால் வேண்டும். பல்லைத் திறந்தோ பிடுங்கியோ, வீங்கிய இடத்தைக் கீறியோ வைத்தியர் வழி செய்யாவிடில், சீழ் தானே வழி தேடிக்கொள்ளும். கன்னத்தில் உடைந்தால் வடுவோடு போயிற்று. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவினால் நாக்கு மேலெழும்பி மூச்சுக்குழல் அடைபடும். 1836-இல் லூத்விக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விவரித்த இந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கிருமி கொல்லும் மாத்திரை பரவலைச் சிறிது தடுக்குமேயன்றி, வடிகால் இல்லாமல் தனியே நோயைத் தீர்க்காது. வலி மாத்திரை கொடுத்தனுப்புவதைச் சிகிச்சையென்று எண்ணும் வழக்கம் இந்த ஒரு காரணத்தாலேயே ஒழிய வேண்டும்.

“காப்பீடுதான் இருக்கிறதே?” என்று நேயர் ஒருவர் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2009 முதல் சர்க்கார் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2018-இல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத்தும் வந்தது. மலையிலுள்ள பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் அந்த அட்டை பத்திரமாகவே இருக்கும். ஆனால் இத்திட்டங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைகளுக்கென்றே பெரும்பாலும் ஏற்பட்டவை. பல் பிடுங்க வந்தவனை எவரும் படுக்க வைப்பதில்லை. சீழ் கழுத்தில் இறங்கி, மூச்சுத் திணறி, உயிர் ஊசலாடும் நிலையில் வந்தால் அட்டைக்கு வேலை உண்டு. கால் மணி நேரத்தில் பல்லை எடுத்து அந்நிலை வராமல் தடுப்பதற்கு அதில் இடமில்லை. இந்தக் கணக்கு எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

இக்குற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்தில், 2007-ஆம் ஆண்டு 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு பல்லின் சீழ் மூளைக்கு ஏறி மாண்டான். அவன் குடும்பத்தின் சர்க்கார் வைத்திய உதவி இடையில் அற்றுப்போயிருந்தது. 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். ஆஸ்பத்திரிச் செலவோ இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அதன் பின் 2009-இல் அந்நாட்டார் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் வைத்தியத்தைச் சட்டத்தால் உறுதி செய்தனர். வளர்ந்தவர்களை அச்சட்டம் எட்டவில்லை. 1985-இல் ஸ்டான் பிராக் என்பவர் தென் அமெரிக்கக் காடுகளை மனத்திற்கொண்டு தொடங்கிய ஒரு தொண்டு ஸ்தாபனம், பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே இலவச முகாம்கள் நடத்தும்படியாயிற்று. அங்கே பல் பிடுங்கிக்கொள்ள முதல் நாள் இரவே காரில் வந்து படுத்துக் காத்திருக்கிறார்கள். உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர் வாய் நோய்களால் துன்புறுகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் அறிவித்தது.

இனி வழி யாது? ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் 1980-களின் நடுவில், மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாத ஊர்களில் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறையை பிரெங்கன் என்னும் டச்சு வைத்தியர் ஆரம்பித்தார். பின்னர் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், ஏழை நாடுகளுக்கு மூன்றே காரியங்கள் முதற்கண் வேண்டும் என்று வகுத்தனர்: வலியும் சீழும் உடையவனுக்கு உடனடிச் சிகிச்சை, மலிவான புளோரைடு பற்பசை, மேற்சொன்ன கைமுறை அடைப்பு. இவற்றுள் முதலாவதற்கு வேண்டியவை மிகச் சில. பல் வைத்தியர் ஒருவர், சில குறடுகள், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து, நல்ல வெளிச்சம், கருவிகளை நீராவி அழுத்தத்தில் சுத்தி செய்யும் பாத்திரம் ஆகியவையே. கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. சுத்தி செய்யாத குறடு ஒருவன் ரத்தத்திலுள்ள மஞ்சட் காமாலைக் கிருமியை மற்றவனுக்குக் கொடுத்துவிடும். ஆகையால் தொண்டு என்ற பெயரில் பயிற்சியற்றவர் இதில் கைவைத்தல் கூடவே கூடாது.

வைத்தியர்களுக்குப் பஞ்சமா? 1920-இல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது இந்நாட்டின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தோற்றுவித்தபோது பஞ்சம் இருந்தது. இன்று தேசத்தில் 300-க்கு மேற்பட்ட கல்லூரிகள்; தமிழ்நாட்டில் மட்டும் இருபதுக்கு மேல். படித்து முடித்தோர் ஓராண்டுப் பயிற்சியில் மூன்று மாதம் சமூகப் பணியில் செலவிட வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதம் எங்கே கழிகிறது என்பதே கேள்வி. முகாம் என்று அறிவிக்கிறார்கள். பந்தல் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, நோட்டில் குறித்துக்கொண்டு, “கல்லூரிக்கு வாருங்கள், அங்கே இலவசம்” என்று ஒரு சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள். சீட்டு வலியைத் தீர்க்குமா? புகைப்படத்துக்கு உதவும் முகாமைவிட, சத்தமின்றி நான்கு பற்களைப் பிடுங்கித் திரும்பும் வண்டி எத்தனையோ மேல்.

இதே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி பொருந்திய பெரிய தூரதர்சினியை 1986-இல் நிறுவி நட்சத்திரங்களை ஆராய்கிறோம். அதனைக் குறைகூற நாம் வரவில்லை. அது தேசத்திற்குப் பெருமையே. ஆயினும் அதே மலையில் கடைவாயைப் பார்க்க உதவும் கட்டைவிரலளவுக் கண்ணாடி கிடைப்பது அரிதாயிருப்பதை எண்ணுகையில், சிறிது வெட்கமும் உண்டாகிறது.

குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வைத்தியர் தவறாமல் வருதல் என்ற ஒன்றே இக்காரியத்தின் உயிர்நிலை. வேலூரில் வைத்தியக் கல்லூரி கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாரந்தோறும் வண்டியிற் சென்று சாலையோர மரத்தடிகளில் வைத்தியம் செய்தார். ஜனங்கள் நாளறிந்து வந்து காத்திருந்தனர். அக்கல்லூரியின் சமூக சுகாதாரப் பகுதியினர் ஜவ்வாது மலைக்கும் சென்று தொண்டாற்றி வந்திருக்கின்றனர். நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகளே சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரியையும், 1992 முதல் தமக்கென ஒரு வைத்தியக் காப்பீட்டையும் நடத்திக் காட்டியுள்ளனர். தர்மபுரி ஜில்லாவின் சித்தேரி மலையடியிலுள்ள சிட்டிலிங்கியில், 1993-இல் தொடங்கிய ஆஸ்பத்திரியில் மலைப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதார ஊழியர்களாயினர். ஆகவே மலைவாசிகள் உதவியை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்பவர்கள் என்ற எண்ணம் தவறு.

கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர், புதூர்நாடு, பீஞ்சமந்தை போன்ற ஊர்களுக்கு மாதம் ஒரு நாள் என்று வகுத்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தார் பள்ளிக்கூடத் திண்ணையும் ஒரு பெஞ்சும் தரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தார் மருந்தும் சுத்தி செய்யும் பாத்திரமும் தரட்டும். கல்லூரி, தேர்ந்த ஆசிரியர் ஒருவருடன் பயிற்சி வைத்தியர்களை அனுப்பட்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தொண்டர்கள் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலுக்கே செல்பவர்கள். கன்னம் வீங்கியவர் யார், இரண்டு வாரமாய் ஆறாத வாய்ப்புண் உடையவர் யார் என்று அவர்கள் ஒரு பட்டியல் எழுதினால் போதும். புகையிலை அடக்கும் வழக்கமுள்ள இடத்தில் அந்த இரண்டாவது கேள்வி புற்றுநோயை முன்னரே காட்டிக்கொடுக்கும். இருதய நோயோ, ரத்தத்தை இளக்கும் மருந்தோ உள்ளவர்களையும் அப்போதே பிரித்தறியலாம்.

நமது அரசியல் தொண்டர்களுக்கு இதில் இடமுண்டா என்றால், உண்டு; அதுவும் பிறர் விரும்பாத இடம். வைத்தியர் வந்து போன மறுநாள், பல் பிடுங்கியவர் வீட்டுக்குச் சென்று ரத்தம் நின்றதா, வீக்கம் ஏறுகிறதா, வாய் திறக்க முடிகிறதா என்று கேட்டு வர வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் அப்போதே வேலூருக்கு ஏற்றியனுப்ப வண்டி தேட வேண்டும். 2023 மே மாதத்தில் வேலூர் ஜில்லா அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, வண்டி மேற்கொண்டு செல்லப் பாதை இல்லாமையால், தாய் கையிலேந்தி நடந்த செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்தச் சிற்றூரிலிருந்து எந்த வளைவு வரையில் நடை, எங்கிருந்து வண்டி, மழைக்காலத்தில் எது அடைபடும் என்று மலைமுழுவதற்கும் ஒரு குறிப்பேடு தொண்டர்களால் எழுதப்படட்டும். பல் வைத்திய வண்டி புறப்படுமுன் அந்தக் குறிப்பேடு தயாராக வேண்டும். மழைக்கு முன் நடந்து பார்த்து எழுத ஒரு மாதம் போதுமானது.